சஹீர் வீட்டு வாஃபிள்

உக்கடம் பெரிய குளத்துக் கரையில் வெயில் சாய்ந்ததும் தள்ளுவண்டிகள் வந்து வரிசை கட்டும். அதில் மஞ்சள் குடை வண்டி சஹீருடையது. குச்சியில் செருகிச் சுட்ட, கட்டம் கட்டமாகக் குழி விழுந்த வாஃபிள், மேலே சாக்லேட் பாகு, அதற்கும் மேலே கலர் கலராகச் சர்க்கரை மணிகள். கரையில் நடைப்பயிற்சிக்கு வருகிறவர்கள் போகும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார்கள். திரும்பி வரும்போது, "நடந்ததுக்கு ஈடாயிருச்சுங்க" என்று சிரித்தபடி வாங்கிப் போவார்கள்.

சஹீர் அதற்கு முன்னால் காந்திபுரத்தில் ஒரு செல்போன் கடையில் வேலை பார்த்தவன். போனுக்குக் கண்ணாடி ஒட்டுவதில் கெட்டிக்காரன். அடியில் ஒரு குமிழி நிற்காது. ஊரடங்கின்போது அந்தக் கடை மூடியது, திறக்கவே இல்லை. கொஞ்ச காலம் கிடைத்த வேலையெல்லாம் செய்தான். பிறகு ஒரு சிநேகிதன் வேண்டாமென்று வைத்திருந்த கேஸ் வாஃபிள் மெஷினை வாங்கிக்கொண்டு வண்டி போட்டான். தொழில் கற்றுக்கொள்ளப் பெரிதாக ஒன்றும் இருக்கவில்லை. மாவு பாக்கெட்டில் வந்துவிடும். தண்ணீரும் வெண்ணெயும் விட்டுக் கலக்கி ஊற்றி மூடினால், ஊரே மணக்கும்.

அவனுக்கும் மனைவி உஸ்மாவுக்கும் ஒரே பெண், ஹிபா. இரண்டாம் வகுப்பு. கோட்டைமேட்டில் சின்ன வாடகை வீடு. உஸ்மா வீட்டிலேயே நைட்டி தைத்துக் கொடுப்பாள். காலை நேரம் அந்த வீட்டில் ஒரு யுத்தம். ஹிபாவுக்கு இட்லி பிடிக்காது, தோசை ஆறிவிட்டால் பிடிக்காது, உப்புமாவைப் பார்த்தாலே அழுகை வரும். பள்ளி ஆட்டோ வாசலில் ஹாரன் அடிக்கும்போது உஸ்மா தட்டோடு பின்னால் ஓடிக்கொண்டிருப்பாள். ஒருநாள் முந்தின இரவு விற்காமல் மிஞ்சிய இரண்டு வாஃபிளைத் தோசைக்கல்லில் சூடுபண்ணி, மேலே கொஞ்சம் பாகை ஊற்றி சஹீர் நீட்டினான். ஹிபா ஒரு வார்த்தை பேசாமல் தின்றுவிட்டு ஆட்டோவில் ஏறினாள். உஸ்மா வாசல்படியிலேயே உட்கார்ந்து, "இத்தனை நாளா இது தெரியாமப் போச்சே" என்றாள்.

அன்றிலிருந்து அதுவே வழக்கமாயிற்று. காலையில் இரண்டு வாஃபிள். இடைவேளைக்கு ஒரு டப்பாவில் துண்டு போட்ட வாஃபிள், பாகோடு. சண்டை ஓய்ந்ததே பெரிய நிம்மதி என்று இருவரும் இருந்துவிட்டார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை சஹீர் ஜும்ஆ தொழுதுவிட்டு வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது போன் வந்தது. ஹிபாவின் வகுப்பு ஆசிரியை ஆஃப்ரின் மிஸ்.

"ஹிபா அத்தாங்களா? பயப்படாதீங்க. இன்னைக்கு ஸ்கூல்ல மெடிக்கல் கேம்ப் நடந்துச்சுங்க. இன்டர்வெல் முடிஞ்சு எங்க கிளாஸைக் கூட்டிட்டுப் போனோம். விரல்ல குத்திப் பார்த்ததுல ஹிபாவுக்கு சுகர் ரொம்ப ஜாஸ்தியா காட்டுதுங்க. இருநூத்தி எண்பதுக்கு மேல. டாக்டர்கிட்ட உடனே காட்டச் சொல்றாங்க."

சஹீர் ஒரு காலில் செருப்போடே உள்ளே ஓடினான். அவனுடைய அத்தா யூனுஸ் சுகர் வந்துதான் இறந்தார். முதலில் கட்டை விரலை எடுத்தார்கள், பிறகு பாதத்தை. ஆஸ்பத்திரி வராந்தாவில் அத்தாவைத் தூக்கி உட்காரவைத்த அந்தப் பாரம் சஹீரின் கைகளுக்கு இன்னும் ஞாபகம் இருந்தது. ஆனால் அத்தாவுக்கு அப்போது அறுபதைத் தாண்டியிருந்தது. இவளுக்கு ஏழு.

உஸ்மா விஷயத்தைக் கேட்டதும் தையல் மெஷினில் இருந்து எழுந்திருக்கவே இல்லை. ஊசி துணிக்குள் இறங்கியபடி நின்றது. "அதான் தண்ணியாக் குடிக்கிறா போல" என்றாள் மெல்ல. "ராத்திரி எழுந்து பாத்ரூம் போறாளே. முந்தாநாள் போனாளே. நாம கவனிக்கலையேங்க."

ஹிபா பள்ளியில் இருந்து வந்து பையை வீசிவிட்டு ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தாள். எல்லாப் பிள்ளைகளும் குடிப்பதுதான். இருவரும் அந்த டம்ளரையே பார்த்தார்கள்.

அன்று சஹீர் கடை போட்டிருக்க மாட்டான். ஆனால் பக்கத்தில் காளான் கடை போடும் கண்ணையா சுகர்காரர், வண்டியிலேயே ஒரு சுகர் மெஷின் வைத்திருப்பார். பள்ளியில் தப்பாகக்கூடப் பார்த்திருக்கலாம் அல்லவா? அதை ஒரு தடவை சரிபார்த்துவிட வேண்டும் என்று ஹிபாவையும் வண்டியில் உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு கரைக்குப் போனான். போன இடத்தில் கை சும்மா இருக்கவில்லை. முந்தின நாள் வண்டியில் விட்டிருந்த பாகு டப்பாக்களை எடுத்துத் துடைத்து, கசிந்திருந்ததை வழித்துக் கொண்டிருந்தான். அதற்குள் கண்ணையா வந்தார்.

"ஏன் தம்பி, மொகம் செத்துப்போய் கெடக்குது?"

சஹீர் சொன்னான். கண்ணையா அடுப்புப் பற்றவைக்க எடுத்த லைட்டரைக் கீழே வைத்தார். "அட, இந்தக் கொழந்தைக்கா? மெஷின் பொய் சொல்லியிருக்கும். இரு, பார்த்துப்போடலாம்."

ஹிபா அழுதாள். சஹீர்தான் அவள் கையைத் தன் கைக்குள் இறுக்கிப் பிடித்து, குத்திய விரலைப் பிதுக்கி ஒரு சொட்டு ரத்தம் எடுத்தான். மெஷின் இருநூற்று நாற்பதைத் தாண்டிக் காட்டியது. கண்ணையா அதைக் கையில் வாங்கித் தட்டிப் பார்த்தார். பிறகு ஹிபாவின் தலையைத் தடவினார்.

சஹீர் அங்கிருந்தே டாக்டர் ராமாமணிக்குப் போன் போட்டான். ஹிபா பிறந்ததிலிருந்து பார்க்கிற குழந்தைகள் டாக்டர். அவர் நிதானமாகக் கேட்டார். வாந்தி இருக்கிறதா, மூச்சு வாங்குகிறதா, சோர்ந்து படுக்கிறாளா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எதுவும் இல்லை. ஹிபா அப்போது கண்ணையாவின் வண்டிச் சக்கரத்தின் மேல் ஏறி நின்று குளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்படீன்னா காலையில வெறும் வயித்தோட கூட்டிட்டு வாங்க. நடுவுல வாந்தியோ மூச்சு வாங்கறதோ இருந்தா மட்டும் காத்திருக்காம பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிருங்க. மத்தபடி மனசைப் போட்டு ஒழப்பிக்காதீங்க."

சனிக்கிழமை காலையில் டாக்டர் ராமாமணி ஹிபாவைக் கை கழுவ வைத்துவிட்டுத் தானே விரலில் குத்திப் பார்த்தார். தொண்ணூற்று இரண்டு. உஸ்மா மூச்சு விட்டாள். டாக்டர் விடவில்லை.

"வெறும் வயித்துல சரியாத்தான் இருக்குதுங்க. ஆனா ரெண்டு தடவை அவ்வளவு காட்டியிருக்குதே. மூணு மாசமா ரத்தத்துல சர்க்கரை எப்படி இருந்துச்சுன்னு சொல்ற டெஸ்ட் ஒண்ணு இருக்குது. அதை எடுத்துருவோம். நாளைக்கு ஞாயித்துக்கிழமை, ரிப்போர்ட் திங்கக்கிழமைதான் வரும்." பிறகு கேட்டார்: "காலையில என்ன சாப்பிடுறா?"

சஹீர் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். வாஃபிள், பாகு, டப்பாவில் மறுபடி வாஃபிள், பாகு. டாக்டர் திட்டவில்லை. ஹிபாவை வாய் திறக்கச் சொல்லி ஒரு கடைவாய்ப் பல்லில் கறுப்புப் புள்ளியைக் காட்டினார். "ரிப்போர்ட் எப்படி வந்தாலும் இது நிக்கோணும். சர்க்கரையைக் குறைங்க."

"நாட்டுச் சர்க்கரை போட்டுக்கலாமுங்களா?" என்று உஸ்மா கேட்டாள்.

"அதுவும் சர்க்கரைதானுங்க அம்மணி."

ஆட்டோவில் வரும்போது ஹிபா கேட்டாள்: "அத்தா, எனக்கு இனிமேல் வாஃபிளே கெடையாதா?"

சஹீர் அவளைத் தன் பக்கம் இழுத்து உட்காரவைத்துக்கொண்டான். வீட்டுக்கு வந்து உஸ்மா வைத்த இட்லியை ஹிபா பிய்த்துப் பிய்த்துத் தட்டின் ஓரத்தில் அடுக்கினாள். ஒரு வாய்கூட இறங்கவில்லை. சர்க்கரை வியாதி உள்ள பிள்ளை சாப்பிடாமல் இருந்தால் மயக்கம் வரும் என்று போனில் எங்கோ படித்திருந்த உஸ்மா, சாப்பிடச் சொல்லி அவளைக் கெஞ்சினாள், பிறகு தானும் அழுதாள். சஹீர் எழுந்து போய் வண்டியில் இருந்த வாஃபிள் மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்து சமையலறையில் வைத்தான். வீட்டு அடுப்பின் சிலிண்டரைக் கழற்றி அதற்கு மாட்டினான்.

"என்ன பண்றீங்க? மத்தியானத்துக்கு உலை வைக்கோணும்."

"இன்னைக்கு இதுதான் அடுப்பு" என்றான்.

கடை மாவுப் பாக்கெட்டை எடுத்தவன் முதல் தடவையாக அதன் பின்பக்கத்தைப் படித்தான். மைதாவுக்கு அடுத்த இடத்தில் சர்க்கரை இருந்தது. அதற்கும் கீழே இன்னொரு பெயரில் மறுபடி சர்க்கரை. பாகே ஊற்றாவிட்டாலும் வாஃபிளுக்குள்ளேயே அத்தனை இனிப்பு. பாக்கெட்டைச் சுருட்டி ஓரமாக வைத்தான். கோதுமை மாவு, முட்டை, பால், வெண்ணெய், ஒரு சிட்டிகை உப்பு, சோடா மாவு. சர்க்கரை இல்லை. கலக்கி ஊற்றி மூடினான்.

திறந்தபோது வாஃபிள் நடுவில் பிளந்து, பாதி மேல் தகட்டிலும் பாதி கீழ்த் தகட்டிலும் ஒட்டிக்கொண்டு நின்றது. நிறமே ஏறவில்லை. நனைந்த அட்டை போல வெளுத்திருந்தது. ஹிபா எட்டிப் பார்த்து, "அது தூங்குது அத்தா" என்றாள். அவ்வளவு பயத்திலும் உஸ்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அடுத்த தடவை மூன்று பூவன் பழத்தைப் பிசைந்து விட்டான். வெளியே கருகி உள்ளே களியாக இருந்தது. இனிப்பும் அப்படியொன்றும் குறைந்ததாகத் தெரியவில்லை. நல்ல நிறமும் மொறுமொறுப்பும் இத்தனை நாளாகத் தன் கைப்பக்குவம் என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தான். பாதி வேலையைச் சர்க்கரைதான் செய்திருக்கிறது என்பது அப்போதுதான் புரிந்தது. சோர்ந்துபோய்த் தரையில் உட்கார்ந்தான்.

உஸ்மா தட்டில் இருந்த களியைத் தொட்டுப் பார்த்தாள். "மொறுமொறுன்னு வரோணும், அவ்வளவுதானேங்க? முறுக்குக்கு நாம சர்க்கரையா போடறோம்? அரிசி மாவுதானே?"

அவன் நிமிர்ந்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் இருவரும் சேர்ந்து செய்தார்கள். கோதுமை மாவோடு நாலில் ஒரு பங்கு அரிசி மாவு. நிறத்துக்கு இரண்டு கரண்டி ராகி மாவு. அது உஸ்மாவின் யோசனைதான். புளிக்காத கெட்டித் தயிர். ஒரே ஒரு பூவன் பழம், வாசனைக்கு ஏலக்காய். முட்டையின் வெள்ளையைத் தனியாக எடுத்து நுரை நிற்கும்வரை சஹீர் அடித்தான். செல்போன் கடையில் பழகிய கை அது, அவசரப்படாது. மஞ்சள் கருவை மாவில் கலந்து, நுரையைக் கடைசியில் மெதுவாக மடித்து மடித்துச் சேர்த்தான். தகடு நன்றாகக் காய்ந்த பிறகு வெண்ணெய் தடவி ஊற்றினான். ஓரத்தில் ஆவி புஸ்புஸென்று வந்தது. ஹிபா திறக்கச் சொல்லிக் குதித்தாள். ஆவி முழுக்க அடங்கும்வரை அவன் கை வைக்கவில்லை.

திறந்ததும் வாஃபிள் தானாகவே தகட்டை விட்டு வந்தது. பழுப்பு நிறம். கரண்டியால் தட்டினால் டொக்கென்று சத்தம். சஹீர் ஒரு மூலையை ஒடித்து வாயில் போட்டான். இனிப்பு இருந்தது, ஆனால் தேடினால்தான் தெரிந்தது.

மேலே பாகு ஊற்றவில்லை. உஸ்மா வறுத்த நிலக்கடலையைக் கொஞ்சம் பால் விட்டு மிக்ஸியில் விழுதாக அரைத்துத் தடவினாள். ஹிபா ஒரு கடி கடித்தாள். மென்றாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"கடை வாஃபிள் மாதிரி இல்ல" என்றாள்.

"இல்லதான் கண்ணு" என்றான் சஹீர்.

அவள் எழுந்து போய் உஸ்மா உரித்து வைத்திருந்த மாதுளைக் கிண்ணத்தை எடுத்து வந்தாள். வாஃபிளின் ஒவ்வொரு குழியிலும் ஒரு முத்தாக வைத்தாள். ஒன்றைக்கூட விடாமல், ஒரு குழிக்கு ஒன்று என்று. முழுக்க நிரப்பிவிட்டு, வரிசை வரிசையாகக் கடித்துத் தின்னத் தொடங்கினாள். இன்னொன்று கேட்டாள். அதற்கும் மாதுளை வைத்தாள். உஸ்மாவும் சஹீரும் எதிரில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். என்ன வியாதி வந்தாலும் இந்தப் பிள்ளைக்குக் காலையில் கொடுக்க ஒன்று இருக்கிறது என்ற நினைப்பே சஹீரை அன்று முழுக்கத் தாங்கியது.

திங்கட்கிழமை மாலை ரிப்போர்ட் வந்துவிட்டது என்று கிளினிக்கில் இருந்து கூப்பிட்டார்கள். சஹீர் அப்போது வீட்டில் அன்றைய கடைக்குப் பாகு நிரப்பிக்கொண்டிருந்தான். கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டு, உஸ்மாவையும் ஹிபாவையும் கூட்டிக்கொண்டு அப்படியே புறப்பட்டான்.

டாக்டர் ராமாமணி தாளைத் திருப்பி அவர்கள் பக்கம் வைத்தார். "ஒண்ணுமே இல்லைங்க. உங்க பொண்ணுக்கு சுகர் கெடையாது. மூணு மாசமும் சுத்தமா இருக்குது."

உஸ்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். சஹீர் தாளைப் பார்த்தான், டாக்டரைப் பார்த்தான். சந்தோஷப்படக்கூட அவனுக்குப் பயமாக இருந்தது. "அப்போ அந்த ரெண்டு தடவை காட்டினதுங்க? ரெண்டு வேற வேற மெஷினுங்க டாக்டர்."

"கேம்ப்ல எப்போ பார்த்தாங்க? இன்டர்வெல்லுக்கு அப்புறம்னீங்க. அந்த டப்பாவை எதுல எடுத்துத் தின்னா?"

"கையிலதான்" என்றாள் ஹிபா. "ஒட்டுச்சு. டிரெஸ்ல தொடச்சுட்டேன்."

"சாயங்காலம் கரையில விரலைப் பிடிச்சு அமுக்குனது யாருங்க?"

சஹீர் தன் கைகளைப் பார்த்தான். டாக்டர் எழுந்து மெஷினை எடுத்துக்கொண்டு வந்தார். "நீங்க கையை நீட்டுங்க. கழுவ வேண்டாம், அப்படியே."

விரலைப் பஞ்சால் லேசாக ஒற்றிவிட்டுக் குத்தினார். மெஷின் முந்நூற்றுப் பத்து என்று காட்டியது. சஹீருக்கு அத்தாவின் கட்டுப் போட்ட பாதம் கண்முன்னால் வந்தது. "எனக்குங்களா?" என்றான்.

"அதோ அங்க சோப்புப் போட்டு நல்லாத் தேய்ச்சுக் கழுவிட்டு வாங்க."

கழுவித் துடைத்துவிட்டு வந்தான். அதே கை, பக்கத்து விரல். நூற்று நான்கு.

"விரல்ல ஒட்டியிருக்கற சர்க்கரையை மெஷின் ரத்தத்துல இருக்கறதா நெனைச்சுக்கும். பஞ்சுல தொடைச்சா போகாது, கழுவித்தான் ஆகோணும். சனிக்கிழமையே எனக்குச் சந்தேகம்தாங்க. ஆனா பெரிய டெஸ்ட் வராம உங்களுக்கு ஆசை காட்டக்கூடாதுன்னு சொல்லலை."

சஹீர் நாற்காலியில் உட்கார்ந்தான். முதலில் சிரித்தான். பிறகு சிரிப்பு எங்கே முடிந்து அழுகை எங்கே தொடங்கியது என்று அவனுக்கே தெரியவில்லை. ஹிபா அவன் முழங்காலைப் பிடித்து, "குத்தினது வலிக்குதா அத்தா?" என்று கேட்டாள். "ஆமா கண்ணு, ரொம்ப வலிக்குது" என்று அவளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டான். உஸ்மா அல்ஹம்துலில்லாஹ் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே இருந்தாள். டாக்டர் மேசைமேல் இருந்த டிஷ்யூப் பெட்டியை அவர்கள் பக்கம் தள்ளிவிட்டு, அடுத்த பிள்ளையைக் கொஞ்ச நேரம் கழித்துக் கூப்பிடச் சொன்னார்.

அன்று இரவே கண்ணையாவிடம் போய்ச் சொன்னான். அவர் வாணலியில் கிளறிக்கொண்டிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவனைக் கட்டிப் பிடித்தார். சட்டையெல்லாம் காளான் மசாலா. "என்ற மெஷின் பொய் சொல்லுதுன்னு நாந்தான் முதல்லயே சொன்னேனே" என்று கரையில் போகிறவர்களிடமெல்லாம் சொன்னார்.

ரிப்போர்ட் சரியாக வந்த மறுநாள் காலையில் ஹிபா தெளிவாகக் கேட்டாள். "எனக்குத்தான் ஒண்ணுமில்லையே அத்தா. பாகு ஊத்துங்க."

சஹீர் அடுப்பிலிருந்து சிலிண்டரை மாற்றிக்கொண்டே யோசித்தான். பல்லில் இருந்த புள்ளியைக் காட்டி வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் பிள்ளைக்கு நல்ல சேதி வந்திருக்கிறது, அவனுக்கும்தான். கடைசியில் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தார்கள்: ஞாயிற்றுக்கிழமை கரைக்கு வந்தால் கடை வாஃபிள் ஒன்று, பாகோடு. மற்ற நாளெல்லாம் வீட்டு வாஃபிள். டப்பாவில் இனி கொய்யாவோ கடலையோதான். ஹிபா பேரம் பேசி மாதுளை தீர்ந்த நாளில் திராட்சை வேண்டும் என்று சேர்த்துக்கொண்டாள். பல்லை அடுத்த வாரம் பல் டாக்டர் அடைத்துவிட்டார். அழுகை கொஞ்சம்தான்.

இந்த வாஃபிளைக் கடையிலும் போட்டுப் பார்க்கலாம் என்று சஹீருக்கு ஓர் ஆசை வந்தது. சர்க்கரை குறைந்தது என்று ஒரு அட்டை எழுதி மாட்டினான். நடைப்பயிற்சிக்காரர்கள் நின்று படித்தார்கள், பாராட்டினார்கள், சாக்லேட் வாஃபிளை வாங்கிக்கொண்டு போனார்கள். சில நாளில் அட்டையை எடுத்துவிட்டான். வருத்தமில்லை. வண்டியில் ஒரு தண்ணீர்க் குடத்தையும் சோப்பையும் மட்டும் நிரந்தரமாக வைத்தான்.

இப்போதெல்லாம் அந்த வீட்டின் காலை இப்படித்தான். உஸ்மா முந்தின நாளே மாவைச் சலித்து வைத்துவிடுவாள். சஹீர் எழுந்து நுரை அடிப்பான். ஹிபா சீருடையோடு சமையலறை வாசலில் உட்கார்ந்து ஆவி அடங்குவதற்குக் காத்திருப்பாள். சில நாள் பாதியிலேயே போதும் என்பாள். சில நாள் ராகி வாசனை பிடிக்கவில்லை என்று மூக்கைச் சுளிப்பாள். அன்றைக்கு உஸ்மா நெய் தோசை வார்ப்பாள். தட்டோடு யாரும் யார் பின்னாலும் ஓடுவதில்லை. ஆட்டோ ஹாரன் அடித்ததும் ஹிபா கை கழுவிவிட்டு, ஈரக்கையை அத்தாவின் சட்டையில் துடைத்துவிட்டு ஓடுவாள். அவள் தட்டில் விட்டுப்போன அரை வாஃபிள் ஆறிப்போய்த் தொய்ந்திருக்கும். சஹீர் நின்றபடியே அதைத் தின்றுவிட்டு, மின்விசிறிக்குக் கீழே பாயைப் போட்டுக் கொஞ்ச நேரம் நன்றாகத் தூங்குவான்.